யூலை மூன்றாம் திகதிச் சங்கு

லூசிலுக்கு அந்தக் கிழமை முன்பல் இரண்டு பிடுங்கியிருந்தது. இல்லாவிட்டால் இந்த அத்தியாயத்தை எழுதும் வேலை எனக்கு வந்திருக்காது.

ஒஸ்லோவில் சொங்ஸ்வான் ஏரிக்கரைப் புல்வெளி. பின்னேரம் ஆறரை மணி இருக்கும்; யூலை மாதத்து வெயில் மத்தியானம் போலவே காய்ந்தது. ஒருமுறை மூட்டிவிட்டு எறிகிற அலுமினியத் தட்டு அடுப்புகள் நாலைந்து புகைந்துகொண்டிருந்தன. சமையலைத் தொழிலாகக் கொண்ட எவனுக்கும் அந்த அடுப்பைக் கண்டால் எரிச்சல் வரும். இறைச்சி வெளியே கருகும், உள்ளே பச்சையாகக் கிடக்கும். என்றாலும் அன்றைக்குக் கோழிக்கால்களைப் புரட்டிக்கொண்டு நின்றவன் நான்தான்.

லூசில் துணிப்பையிலிருந்து ஒரு சங்கை எடுத்தார். எங்கள் ஊர் வெள்ளைச் சங்கு அல்ல. இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய பெரிய சங்கு. வெளியே சொரசொரப்பு, உள்ளே வழவழவென்று ரோசா நிறம். நுனியை வெட்டி ஊதுவதற்கு வழி செய்திருந்தார்கள். எழுந்து நின்று, ஏரியைப் பார்த்து ஊதினார். புஸ் என்று காற்று மட்டும் வந்தது. இன்னொருமுறை ஊதினார். எச்சில் வந்தது.

"பல்லு இல்லாத கிழவிக்கு விடுதலையும் இல்லைப் போல கிடக்கு," என்று சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு ஒவ்வொருவரிடமும் சங்கை நீட்டினார். எங்கள் வேலைத்தலத்துச் சமையலறைப் பொறுப்பாளர், ஆறடிக்கு மேல் வளர்ந்த நோர்வேக்காரர், முகம் சிவக்க ஊதினார். பழுதான மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மற்றவர்களும் முயன்று பார்த்தார்கள். கை மாறி மாறி, சங்கு கடைசியில் என்னிடம் வந்தது.

எனக்கு ஊதத் தெரியும். அது அங்கிருந்தவர்களில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். என் மனைவி தேவிக்கு. அவள் என்னைப் பார்த்து, தலையை ஆட்டினால் மற்றவர்கள் கண்டுவிடுவார்கள் என்று கண்ணால் மட்டும் வேண்டாம் என்றாள்.

லூசிலின் நாள்

லூசிலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குரூருட் பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் சமையலறையில் வேலை செய்தேன். லூசில் மேல்மாடியில் முதியவர்களைப் பராமரித்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கரிபியன் கடலில் செயின்ட் குரோய் என்ற தீவில் பிறந்து, ஒரு நோர்வே மாலுமியைக் கல்யாணம் செய்து ஒஸ்லோவுக்கு வந்தவர். மாலுமி போய்ச் சேர்ந்துவிட்டார். லூசில் இங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் பேசிக்கொண்டது நோர்வேஜிய மொழியில். அதை இங்கே எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அவருடைய வாய்க்கு அதுதான் பொருந்தும்.

ஒவ்வொரு யூலை மூன்றாம் திகதியும் லூசில் விடுப்பு எடுப்பார். வேறு எதற்கும் எடுக்கமாட்டார். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளில்கூட வேலைக்கு வருவார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"எங்கட ஆக்கள் அடிமைத்தனத்திலை இருந்து வெளிய வந்த நாள்," என்றார்.

அந்தத் தீவு முன்பு டென்மார்க் வசம் இருந்தது. டென்மார்க்கும் நோர்வேயும் ஒரே அரசனுக்குக் கீழே இருந்த காலத்திலும்தான். கரும்புத் தோட்டங்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மனிதர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டென்மார்க் அரசன், இன்னும் பன்னிரண்டு வருடத்தில் உங்களுக்கு விடுதலை தருகிறோம், அதுவரை பொறுங்கள் என்று ஓர் ஆணை போட்டானாம்.

"பன்னிரண்டு வருசம்! ஆர் பொறுப்பினம்?" என்றார் லூசில். "ஒரு வருசம்கூடப் பொறுக்கேல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் சங்கு ஊதிச் சனத்தைக் கூப்பிட்டினம். எல்லாரும் கோட்டை வாசல்லை போய் நிண்டாச்சு. ஆளுநர் வந்தான். சனத்தைப் பாத்தான். நீங்கள் எல்லாரும் சுதந்திரம் எண்டு சொன்னான். சொல்லாமல் என்ன செய்வான்? சனம் ஏற்கெனவே வேலையை விட்டிட்டுத்தானே வந்து நிக்குது."

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வசனம்தான். வரலாற்றுப் புத்தகங்களில் ஆளுநர் கொடுத்தார் என்று இருக்கும். லூசிலின் கணக்கில், ஆளுநர் கண்ணால் கண்டதை வாயால் சொன்னார், அவ்வளவே.

அந்த வருடம் அவருக்கு அறுபது வயது நிறைந்தது. அதனால் இந்த முறை வேலைத்தலத்து ஆட்களையும் குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு அழைத்திருந்தார். ஒரு பெரிய கிண்ணத்தில் சிவப்புக் களி கொண்டுவந்தார். கொய்யாப்பழமும் சவ்வரிசியும் போட்டுக் காய்ச்சியது. எங்கள் பொறுப்பாளர் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "அட, இது எங்கள் களி அல்லவா!" என்று வியந்தார். இங்கேயும் பழச்சாற்றில் அப்படி ஒன்று செய்வார்கள்.

"ஓம், உங்கட பக்கத்திலை இருந்து வந்ததிலை இது ஒண்டுதான் நல்லது," என்றார் லூசில்.

"அது டென்மார்க்காரர் செய்தது, நாங்கள் இல்லை," என்று பொறுப்பாளர் அவசரமாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்தப் பதில் தயாராக இருந்த வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. தயாராக வைத்திருக்கிற பதில்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எந்தப் பக்கம்?

ஒஸ்லோவில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரைப் புதிதாகக் கண்டால் முதல் கேள்வி, "ஊரிலை எவடம்?" என்பது. ஊரைச் சொன்னால் போதாது. "அதிலை எந்தப் பக்கம்?" கோயிலுக்கு வடக்கா, தெற்கா? பள்ளிக்கூடத்துக்கு முன்னாலா, பின்னாலா? எந்த ஒழுங்கை? நாலாவது கேள்வியில் உங்கள் சாதி அவருடைய சட்டைப்பைக்குள் வந்துவிடும். ஒருதரும் சாதி கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

நான் வந்த நாளிலிருந்து ஒரே பதில்தான். "ரவுணுக்குக் கிட்ட," நகரத்துக்குப் பக்கத்தில் என்று. அதற்கு மேல் துருவினால், "சின்னனிலேயே இடம்பெயர்ந்திட்டம், ஒண்டும் ஞாபகமில்லை." போர் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அந்த வசனம்.

சிவபாலன் அண்ணைக்கு அந்தப் பதில் போதுமாக இருக்கவில்லை. அவர் எங்கள் முதியோர் இல்லத்தில் கட்டடப் பராமரிப்புப் பார்த்தவர். அதோடு ஒரு கோயில் நிர்வாகத்தில் முக்கியமான ஆள். கோயிலின் பெயர் இங்கே வேண்டாம். நகரத்தின் மறுபக்கத்தில் வாடகை மண்டபம் ஒன்றில் நடந்த சின்னக் கோயில். அண்ணை கெட்டவர் அல்ல. யாருக்காவது வீடு மாற வேண்டுமென்றால் முதல் ஆளாகத் தன் வான் வண்டியைக் கொண்டுவருவார். ஆனால் ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாவிட்டால் அவருக்கு நித்திரை வராது.

என்னை அவர் தட்டில் வைக்காமல் விட்டதற்குக் காரணம் சாம்பார். ஒரு திருவிழாவில் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட, நான் அன்னதானத்துக்கு உதவப் போனேன். முந்நூறு பேருக்கு வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மடைப்பள்ளி என் கையில்தான்.

வேலைத்தலத்தில் நான் சமைப்பது உருளைக்கிழங்கும் மீன் உருண்டையும் வெள்ளைக் குழம்பும். பல் இல்லாதவர்களுக்கு அதையே அரைத்தும் கொடுப்பேன். கோயிலில் அந்த ஒருநாள், அண்டாவுக்கு முன்னால் நிற்கும்போது, எனக்கு என்னைப் பிடிக்கும். சனம் இரண்டாம் முறை கை நீட்டிக் கேட்கும்போது எனக்கு வருகிற சந்தோசத்தை மறைக்க மாட்டேன். ஊரில் அப்படி ஒரு கோயில் மடைப்பள்ளி வாசலைக்கூட நான் மிதித்திருக்க முடியாது. அதுவும் அந்தச் சந்தோசத்தில் சேர்த்திதான்.

சங்கை ஊதினால் அந்த அண்டா போகும். தேவியின் கண் சொன்னது அதைத்தான். சிவபாலன் அண்ணை எனக்கு இரண்டடி தள்ளி மடக்குக் கதிரையில் இருந்து கோழி தின்றுகொண்டிருந்தார்.

அப்பாவின் வேலை

எங்கள் ஊரில் செத்தவீட்டில் சங்கு ஊதுவது எங்கள் குடும்பத்தின் வேலை. தெரிவு செய்த தொழில் அல்ல. இன்ன வீட்டில் சாவு என்று ஆள் வந்து சொன்னால் போக வேண்டும். காய்ச்சல் என்று சொல்ல முடியாது. பெரிய வீடுகளில் எங்களை "அடிமை குடிமை" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சட்டம் வந்து அடிமைமுறை ஒழிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் சட்டம் எந்த மாதம், எந்த நாள் வந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. கொண்டாடுவது எங்கே! ஒழிந்தது என்றே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பா படலைக்கு, அந்த வீட்டு வேலிக் கதவுக்கு, வெளியே நிற்பார். உள்ளேயிருந்து சைகை வந்தால் ஊதுவார். தேத்தண்ணி தேங்காய்ச் சிரட்டையில் வரும். அந்த வீட்டு ஏழு வயதுப் பிள்ளை அப்பாவை, "டேய், இஞ்சை வா," என்று கூப்பிடும். அப்பா போவார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பிள்ளையில் கோபம் வராது, அப்பாவில்தான் வரும். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பதினாறு வயதில், அப்பாவுக்கு நெஞ்சுவருத்தம் வந்தபோது, அவருக்குப் பதிலாக இரண்டு வருடம் நான் ஊதினேன். கன்னத்தை உப்பி ஊதக்கூடாது. உதட்டை இறுக்கி, நாக்கில் ஒட்டிய மயிரைத் துப்புகிற மாதிரி விட வேண்டும். கற்றுக்கொள்ள ஒரு பின்னேரம் போதும். மறக்கத்தான் முடியவில்லை.

பிறகு சண்டை வந்தது. செல் குண்டுகள் விழுந்த நாட்களில் பிணத்தை எடுத்தால் போதுமென்று ஓடினார்கள்; சங்குக்கு ஆள் தேடவில்லை. எங்கள் வேலை அப்படி நின்றது. நானும் ஒருநாள் கொழும்பு, பிறகு ஒஸ்லோ.

ஊதினேன்

சங்கு கையில் இருந்தது. அதை அடுத்த ஆளிடம் கொடுக்கத்தான் திரும்பினேன். அப்போது சிவபாலன் அண்ணை தமிழில் சொன்னார்:

"நல்ல நாளும் அதுவுமாய்ச் சங்கு ஊதுகினம், செத்தவீடு மாதிரி. பாவங்கள். அடிமையளாய் இருந்த சனம்தானே, அந்தக் கவலை போகாது. எங்கடை ஆக்களுக்கு அப்பிடி ஒரு நிலை ஒருநாளும் வந்ததில்லை, என்ன தம்பி?"

நக்கலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார். லூசில் எதுவும் விளங்காமல், எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வீரம் ஒன்றும் வரவில்லை. சங்கை உதட்டில் வைத்து ஊதினேன்.

முதல் ஊதலிலேயே பிடித்துவிட்டது. ஏரியின் மறுகரையில் ஒரு நாய் குரைத்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு முடியும்வரை ஊதினேன், பிறகு இரண்டு முறை. லூசில் தலைக்கு மேலே கையைத் தூக்கித் தன் தீவு மொழியில் ஏதோ கூவினார். என்னைக் கட்டிப்பிடித்து, "உனக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டபோது அவருடைய கண் நனைந்திருந்தது.

சிவபாலன் அண்ணை கோழிக்காலைக் கீழே வைத்துவிட்டார்.

"கோயில்லை ஊதினனீரோ தம்பி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கோயிலிலும் சங்கு ஊதுவார்கள். அது வேறு ஆட்கள், வேறு மதிப்பு. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அலுவல் முடிந்தது.

"இல்லை அண்ணை. செத்தவீட்டிலை. அப்பா ஊதினவர், பிறகு நான்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். வேறு தமிழர் இல்லை. கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, சரி. நான் ஒண்டும் கேக்கேல்லை, நீர் ஒண்டும் சொல்லேல்லை. சாம்பார் நீர்தான். நான் இருக்குமட்டும் உம்மை ஒருத்தரும் அசைக்கேலாது."

"நன்றி அண்ணை," என்றேன்.

ஆம், நன்றி சொன்னேன். வீட்டுக்குப் போகும்போது தேவி ஒரு பெருமூச்சு விட்டு, "நல்ல மனுசன்," என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லூசில் மட்டும் அடுத்த கிழமை சமையலறைக்கு வந்து, அந்த மனிதர் அன்றைக்கு என்ன சொன்னார் என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப அவர் உனக்கு என்ன தந்தவர்?" என்று கேட்டார். நான் அவருடைய கோப்பையை எடுத்துக் கழுவினேன்.

அண்ணையின் பாதுகாப்பு

அதற்குப் பிறகு நாலைந்து திருவிழா போயிருக்கும். நான்தான் சமைத்தேன். சமையல் யார் என்று யாராவது கேட்டால் சிவபாலன் அண்ணை முந்திக்கொண்டு, "எங்கட ஆள்தான்," என்பார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் தலையைக் குனிவேன். அந்தக் குனிவு எனக்குப் பழக்கமானது. அப்பாவிடம் கண்டிருக்கிறேன்.

மெல்ல மெல்ல, அவருடைய வீட்டு விசேஷங்களுக்கும் கூப்பிட்டார். "தம்பி, ஒரு ஐம்பது பேர்தான்." சனிக்கிழமைகளில் அம்மருட்டில் எங்கள் வீட்டிலிருந்து அண்டாவைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவேன். மாட்டேன் என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கும்போது கேள்விக்குறி வைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

பிறகு ஸ்ட்ரோம்மனில் மகன் வீட்டில் இருந்த அவருடைய மாமனார் காலமானார். நல்ல வயது. இரண்டு நாள் கழித்து, மத்தியானம் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, வாற கிழமை தகனம். மாமாவை முறைப்படி அனுப்பவேணும் எண்டு மாமி ஆசைப்படுறா. இஞ்சை சங்கு ஊத ஆள் இல்லை. உமக்குத்தானே அந்த முறையெல்லாம் தெரியும். அந்தக் கறுப்பு மனுசியிட்டைச் சங்கை வாங்கிக்கொண்டு வாருமன். பயப்பிடாதையும், ஆர் எண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீர் வாசலோடை நிண்டு ஊதிப்போட்டுப் போகலாம்."

அவர் என்னை இழிவுபடுத்த நினைக்கவில்லை. இதை நான் எத்தனை முறையும் சொல்வேன். மாமியாரின் ஆசையை நிறைவேற்ற ஒரு வழி தெரிந்தது, அவ்வளவே. ஒஸ்லோவுக்கு வந்து இத்தனை வருடம் கழித்து, அவர் அறியாமலே, எனக்கு ஒரு படலை செய்து தந்தார்.

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை," என்று வைத்துவிட்டேன்.

தேவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் ஊதாதே என்று கண்ணால் கெஞ்சியவள் அவள். மடைப்பள்ளி போய்விடும் என்று என்னைவிடப் பயந்தவள். போகச் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"போனீங்களெண்டா நான் இனி அந்தக் கோயில் பக்கம் வரமாட்டன்," என்றாள். மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "அண்டா தூக்கினது காணும், போதும்."

திரும்ப அழைத்தேன்.

"அண்ணை, செத்தவீட்டுக்கு வருவன். நானும் தேவியும் உள்ளை வந்து இருப்பம். சங்கு ஊதமாட்டன்."

"அப்ப திருவிழாச் சமையலையும் யோசிக்கவேண்டி வரும் தம்பி. நான் இவ்வளவு நாளும் உமக்காக மறைச்சனான்."

"யோசியுங்கோ அண்ணை. எல்லாருக்கும் சொல்லிப்போட்டே யோசியுங்கோ. உங்களுக்குச் சொல்லக் கஷ்டமெண்டால் நானே சொல்லுறன்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

தகனத்துக்குப் போனோம். உள்ளே மூன்றாவது வரிசை வாங்கில் இருந்தோம். சங்கு ஒலியை யாரோ இறுவட்டில் பதிந்து கொண்டுவந்திருந்தார்கள். பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. வாசலில் அண்ணையின் கையைப் பிடித்துத் துக்கம் சொன்னேன். அவர் கையைத் தந்தார், முகத்தைத் தரவில்லை. வெளியேயும் ஒருவருக்கும் அவர் எதையும் சொல்லவில்லை என்று பிறகு அறிந்தேன். சொல்லாமல் வைத்திருந்தால் நான் மடைப்பள்ளிக்குத் திரும்பி வருவேன் என்று நினைத்தாரோ, அல்லது அவருக்கே சொல்ல வாய் வரவில்லையோ, தெரியாது.

நானே சொல்லுகிறேன் என்று சொன்னவனும் ஒன்றரை வருடமாகச் சொல்லவில்லை. இந்த வார இதழில் தொடர் எழுதத் தொடங்கி இத்தனை வாரம் ஆகிறது. பனியைப் பற்றி எழுதினேன், மீன் உருண்டையைப் பற்றி எழுதினேன். போன மாதம் பேர்கனிலிருந்து ஒரு வாசகர் அன்பாக எழுதியிருந்தார்: "எல்லாம் சொல்கிறீர்கள், நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் சொல்லவில்லையே."

என் அப்பாவின் பெயர் கந்தசாமி. ஊரில் அவரை முழுப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. செத்தவீடுகளில் படலைக்கு வெளியே நின்று சங்கு ஊதினார். அவருக்குப் பிறகு நான் ஊதினேன்.

இந்த இதழ் வெள்ளிக்கிழமை கடைகளுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை நானும் தேவியும் அந்தக் கோயிலுக்குப் போகிறோம்.